ஆரஞ்சுப் பழத்தை நான் நம்பவில்லை

போன மாதம் பதுளை ஆஸ்பத்திரியின் எங்கள் மனநலப் பிரிவில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் மனச்சோர்வைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு படம் காட்டப் போகிறார்களாம். பிரெஞ்சுப் படம். ஒரு குடும்பம், அதில் படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் போன ஓர் அம்மா. அந்தப் படத்துக்கு வந்த பாராட்டுகளையெல்லாம் பொறுக்கியெடுத்து அறிவித்தல் தாளில் வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

"மிஸ், நீங்க இந்தப் படத்த முன்னயே பார்த்தீங்களாமே. நம்ம இதழுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. நல்ல படம்தானே?" என்று கேட்டாள் ஒருத்தி.

நல்ல படம்தான். ஆனால் எல்லோரும் ஒரே குரலில் அப்படிச் சொன்னது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. இரண்டு பக்கத்தில் அடங்காது என்று சொல்லி அனுப்பினேன். அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

சந்தேகப்படுவது என் பிறவிக் குணம் அல்ல, வேலையில் ஒட்டிக்கொண்டது. "மீன்காரர் சிரிச்சுப் பேசினாக்கூட அவருக்கு வீட்ல ஏதோ பிரச்சினைங்கிறே" என்று என் வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். தாதியர் பயிற்சிக்கு நான் தெரிவானதை லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர், போனால் திரும்பமாட்டேன் என்று நம்பினார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டில் விரிக்கவும் ஊசி போடவும் சிங்களத்தில் கனவு காணவும் கற்றுக்கொண்டேன். அந்த நாளில் யாரும் கேட்டு வாங்காத இடம் மனநலப் பிரிவு. எனக்கு அதைக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டொக்டர் ஜயவீர. ஒல்லியான மனிதர். கழுத்துப்பட்டி கட்டமாட்டார். நோயாளி பேசும்போது பேனாவைத் தொடமாட்டார். அந்த ஆள் பேசி முடித்து வெளியே போன பிறகுதான் எழுதுவார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். அதனால் நான் மொழிபெயர்ப்பேன். மொழிபெயர்ப்பதற்கு முன்னால், நோயாளி சொன்ன அதே சொற்களை அப்படியே தமிழில் ஒருமுறை சொல்லச் சொல்வார். "நெஞ்சு அடைச்சாப்ல இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அதை நான் "மனச்சோர்வு" என்று சிங்களத்தில் சுருக்கிவிடக் கூடாது. "அடைச்சாப்ல" என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். வாயில் வைத்துப் பார்ப்பதுபோல. தோட்டத்து ஆட்கள் சிரிப்பார்கள். சிரித்த பிறகு இன்னும் கொஞ்சம் சொல்வார்கள்.

நோயாளியோடு வருபவர்கள் சொல்வதை அவர் தனியாகக் கேட்பார். நோயாளி சொல்வதையும் தனியாகக் கேட்பார். இரண்டும் அச்சாகப் பொருந்தினால் அவருக்கு முகம் மாறிவிடும். வீட்டிலேயே பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பார்.

பசறைப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு அவரோடு போனது ஞாபகம் இருக்கிறது. கிளினிக்குக்கு வராமல் நின்றுபோன ஒரு பெண்ணைத் தேடிப் போயிருந்தோம். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார் என்று மகள் சொன்னாள். நான் தண்ணீர் கேட்டேன். இரண்டு கையிலும் செம்பைப் பிடித்துக்கொண்டு வந்தவள், வரும்போது காலால் உள்கதவைச் சாத்தினாள். டொக்டரும் அதைப் பார்த்தார். ஆனால் எதுவும் கேட்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் புருஷனோடு கொழுந்து விலையையும் அட்டைக்கடியையும் பற்றித் தன் உடைந்த தமிழில் பேசிக்கொண்டே இருந்தார். மழை வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து அந்தப் பெண்ணே கதவைத் திறந்து, "அந்த ஐயாவ உள்ள வரச் சொல்லுங்க, நனையிறாரு" என்றார்.

அவரிடம் நான் கற்றதில் கஷ்டமானது ஒரு கேள்வி. நோயாளியிடம் நான் "வேற ஏதாவது யோசனை வருதா?" என்று கேட்பது வழக்கம். ஒருநாள் ஹாலிஎலயிலிருந்து வண்டியில் திரும்பும்போது அவர் கேட்டார்: "வேறு ஏதாவது என்றால் என்ன?" நான் விழித்தேன். "செத்துப்போகணும்னு தோணுதா என்றுதானே கேட்க நினைத்தாய்? அதைச் சொல்." நான் முணுமுணுத்தேன். "கேட்கவில்லை" என்றார். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கொடுத்துவிடுவோமோ என்று எனக்குப் பயம். அப்படி வராது, கேட்கப்பட்டவர்களுக்கு ஆறுதல்தான் வரும் என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்கும் குரலில் அது வரும்வரை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். பதுளை வந்து சேர்ந்ததும் சாரதி இறங்கி வந்து, "மிஸ்ஸி, உங்களுக்கு வீட்ல ஏதும் கரைச்சலா?" என்று மெதுவாகக் கேட்டார்.

டொக்டர் ஜயவீர ஓய்வு பெற்றுப் போய்ப் பல வருஷங்களுக்குப் பிறகு, நானும் ஓய்வு பெறப் போகும் சமயத்தில்தான் இந்தப் படம் எங்கள் ஊருக்கு வந்தது.

கொண்டுவந்தவர் நியாஸ். பண்டாரவளையில் அவருக்கும், அவர் நானா என்று கூப்பிடும் அண்ணனுக்கும் சேர்ந்து ஒரு துணிக்கடை. பகலில் சாரமும் சேலையும் வெட்டிக் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் சினிமாதான். வாரப் பத்திரிகை ஒன்றில் விமர்சனம் எழுதுவார். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டுப் படங்களுக்குத் தானே தமிழில் வசனம் எழுதி ஒட்டித் திரையிடுவார். இந்தப் படத்தைத் திரையிட்டபோது, முடிந்ததும் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

படம் இதுதான். பிரான்சில் ஒரு சின்ன ஊர். தபாலகத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் இல்லை. சைக்கிள் திருத்தும் புருஷன் சமைக்கிறான், துவைக்கிறான், கோபப்படாமல் காத்திருக்கிறான். பள்ளிக்கூடம் போகும் மகள் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதுகிறாள். ஒரு டொக்டர் வருகிறார், மாத்திரை எழுதுகிறார், பிறகு படத்தில் அவரைக் காணோம். கடைசியில் அம்மா எழுந்து வீட்டை ஒழுங்குபடுத்துகிறாள். மகளோடு கடற்கரைக்குப் போகிறாள். ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து மகளுக்குப் பாதி கொடுத்துத் தானும் சாப்பிட்டுச் சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

வந்த விமர்சனங்களையெல்லாம் தேடி வாசித்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன். கொழும்புப் பத்திரிகையில் ஒரு விரிவுரையாளர், இருப்பின் வெறுமையைப் படம் எப்படித் தொட்டுக்காட்டுகிறது என்று அரைப் பக்கம் எழுதியிருந்தார். இன்னொருவர் நடிகையின் கண்களைப் பற்றியே எழுதியிருந்தார். வேறொருவர் அந்தப் புருஷனின் பொறுமையைப் புகழ்ந்திருந்தார். தனிமை, மௌனம், வெறுமை எல்லாம் இருந்தன. நோய் என்ற சொல்லை மட்டும் ஒருத்தரும் எழுதவில்லை. நியாஸின் விமர்சனம் மற்றவற்றைவிட நன்றாக இருந்தது. அதனாலேயே அதன் கடைசி வரி என் தொண்டையில் மாட்டிக்கொண்டது: "மாத்திரைகளால் முடியாததை ஓர் ஆரஞ்சுப் பழம் செய்துவிடுகிறது."

மண்டபத்தில் ஆளுக்கொரு சந்தேகம். தொழிற்சங்கக்காரர் ஒருவர் எழுந்து, "தோட்டத்து பொம்பளைங்க வேலைக்கு வராததுக்கு மண்டைக்கோளாறுதான் காரணம்னு காட்டப் போறீங்களா?" என்று கேட்டார். பசறையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவுக்கு வேறு கவலை. "அந்தம்மா அத்தன நாள் படுத்துக் கெடக்குது, வேலைய விட்டு நிப்பாட்டலயா? பேரு வெட்டலயா? எனக்கு அதாங்க நம்ப முடியல." எல்லோரும் சிரித்தார்கள். நியாஸ் சிரிக்கவில்லை. "அது படத்தோட விஷயம் இல்லீங்க" என்றார். பின்வரிசையில் ஒருவர், இந்த மிஸ்ஸி ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் எழுந்து, இது வைத்தியம் உள்ள நோய், மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டு குறைவு. முடிவில் நியாஸ் தன் விமர்சனத்தின் கடைசி வரியைச் சொன்னார், அதற்குத்தான் அன்று கைதட்டு.

சில வாரங்கள் போயிருக்கும். கொஸ்லந்தையில் எங்கள் மாதாந்தக் கிளினிக். புஷ்பம் தனியாக வந்தார்.

புஷ்பத்தையும் அவருடைய புருஷன் செல்வராஜையும் எனக்கு நன்றாகத் தெரியும். செல்வராஜுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் பகுதியில் இரவு வேலை. முன்பு ஒரு சமயம் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தவர் மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. புஷ்பம்தான் கைத்தாங்கலாக அவரைப் பெரிய ரோட்டுக்கு இறக்கி, பஸ் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். மாத்திரையில் தேறி வேலைக்குத் திரும்பினார். அதன் பிறகு இருவரும் சேர்ந்துதான் வருவார்கள்.

அன்று புஷ்பம் நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார். மேசை மேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். செல்வராஜின் மாத்திரைகள், மிச்சமிருந்தது எல்லாம்.

"இனிமே வேணாங்க மிஸ்ஸி. அதான் பேப்பர்லயே போட்டுட்டாங்களே."

"என்ன போட்டாங்க?"

"மாத்திரையால முடியாதத ஒரு பழம் செஞ்சிரும்னு. கவிதா வாசிச்சுக் காட்டிச்சு." கவிதா அவர்களுடைய மகள். பேரகலையில் ஒரு கடையில் வேலை. மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. இப்படி நிறுத்தினால் நோய் திரும்பும் என்று சொன்னேன். செல்வராஜ் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் நன்றாக இருக்கிறார், நித்திரை முழித்து வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிறார் என்றார். நான் நம்பவில்லை. செல்வராஜ் மறுபடி படுத்துவிட்டார், இந்த மனுஷி மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

"கல்யாணப் பேச்சு எந்த மட்டுல இருக்கு?" என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன்.

"வர்றாங்க, போறாங்க. என் காதுல கெடந்த தோட்ட கவிதாவுக்கே போட்டுட்டேங்க. சமையலு, சீட்டு, அவங்க அப்பாவுக்கு என்ன ஒத்துக்கும் ஒத்துக்காது, எல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன். இனி எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கு ஒரு கவலையும் இல்லீங்க." சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

திரும்பும் வழியில் பண்டாரவளையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நேராக நியாஸின் கடைக்குப் போனேன். யாருக்கோ திரைச்சீலைத் துணி அளந்துகொண்டிருந்தார். பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"இது என்ன மிஸ்ஸி?"

"நீங்க எழுதின கடைசி வரி."

நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் கறுத்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "நான் படத்தப் பத்தித்தானே எழுதினேன்? மருந்தப் பத்தியா எழுதினேன்? ஒரு வரிய வாசிச்சிட்டு ஒருத்தர் மாத்திரைய நிப்பாட்டினா அதுக்கு நானா பொறுப்பு?"

"வேற யாரு?"

"படத்துல இருக்கிறதத்தான் சொன்னேன். நீங்க கோபத்துல பேசுறீங்க. மேல வாங்க, கடைசிப் பகுதிய மட்டும் பாருங்க. அதுல இல்லாதத நான் எழுதியிருந்தா அடுத்த வாரமே மறுப்புப் போடுறேன்."

மாடியில் சாரம் கட்டுகளுக்கு நடுவே ஒரு மடிக்கணினியை வைத்துப் படத்தை ஓட்டினார். அம்மா எழுந்த பிறகு வரும் பகுதி. நியாஸ் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "பாருங்க, இதுவரைக்கும் வீடு முழுக்கச் சாம்பல் நிறம். இப்ப ஜன்னல்ல மஞ்சள் வெளிச்சம். டைரக்டர் வேற எப்படிச் சொல்லணும்? அவ குணமாயிட்டா."

அவர் சொன்னது பிழை என்று சொல்ல முடியாது. வெளிச்சம் இருந்தது. ஆனால் என் கண் வெளிச்சத்தில் இல்லை, அந்த அம்மாவின் கையில் இருந்தது. அலமாரியைத் திறக்கிறாள். மகளின் உடுப்புகளைத் தனியாக, புருஷனின் உடுப்புகளைத் தனியாக அடுக்குகிறாள். தன்னுடையதை ஒரு பையில் போட்டுக் கட்டுகிறாள். தன் நல்ல மேற்சட்டையை மகளுக்குப் போட்டுவிட்டு அழகு பார்க்கிறாள். போன தடவை மண்டபத்தில் இதைப் பார்த்தபோது முன்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டியது ஞாபகம் வந்தது.

"எங்க வார்டுல நேத்து வரைக்கும் எந்திரிக்காத ஒருத்தி இன்னைக்குத் திடீர்னு இப்படி அடுக்கிக் குடுத்தா, நாங்க அவ பக்கத்துலயே ஆள் போட்டுருவோம்" என்றேன்.

நியாஸ் படத்தை நிறுத்தினார். "அப்ப இது சந்தோஷமான முடிவு இல்லையா?"

"எனக்குத் தெரியாது. சந்தோஷம்னு நான் நம்பமாட்டேன், அவ்வளவுதான்."

மறுபடி ஓட்டினார். கடற்கரை. அம்மா சிரிக்கிறாள். திரையின் அடியில் நியாஸ் எழுதிய தமிழ் வசனம் வந்தது: "இனி எல்லாம் உனக்குத் தெரியும்."

அன்று காலையில் கேட்ட அதே வார்த்தை. செல்வராஜை நான் பார்க்கவேயில்லை. என் எதிரே உட்கார்ந்து, தோட்டை மகளுக்குப் போட்டுவிட்டேன் என்று சிரித்துவிட்டுப் போனது புஷ்பம்.

"நியாஸ் தம்பி, உங்க வேன் இருக்கா?"

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கீழே இறங்கி, "நானா, கடையப் பாத்துக்கங்க" என்று கத்திவிட்டுச் சாவியை எடுத்தார். கிளினிக் வண்டி போய்விட்டிருந்தது. ஹப்புத்தளையைத் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கி, பேரகலை வரைக்கும் முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே போனோம். பாதி வழியில் அவர் கேட்டார்: "நான் எழுதினதாலயா மிஸ்ஸி?"

"தெரியாது. கேட்டாத்தான் தெரியும்."

செல்வராஜ் வீட்டில் இருந்தார். நித்திரை கலைந்து எழுந்து வந்தவர் என்னைக் கண்டு பதறினார். அவர் படுத்துவிடவில்லை. கண்களில் மட்டும் கொஞ்சம் களைப்பு.

"மாத்திரைய ஏன் நிப்பாட்டினீங்க?"

"நீங்கதானே நிப்பாட்டச் சொன்னீங்களாம்? புஷ்பம் சொல்லிச்சு."

"புஷ்பம் எப்படி இருக்காங்க?"

அவர் யோசித்தார். அந்தக் கேள்வியை அவரிடம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை என்பது தெரிந்தது. "நல்லாத்தாங்க இருக்கு. இப்பல்லாம் சத்தமே போடுறதில்ல."

"சாப்பிடுறாங்களா?"

"எங்களுக்குப் போட்டுக் குடுக்கும். அது எப்ப சாப்பிடுதுன்னு..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. "என்னங்க மிஸ்ஸி, என்ன விஷயம்?"

வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்கு நடந்தேன். கிளினிக்கிலிருந்து போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு பின்னேரக் கொழுந்துக்குப் போயிருந்தார் புஷ்பம். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறும் கூடையோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். காலையில் சிரித்த அதே சிரிப்பு. மற்ற பெண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். ரோட்டோரத்தில் ஒரு சின்னப் பாலம். அதன் கட்டில் இருவரும் உட்கார்ந்தோம். நியாஸ் தூரத்தில் வேனுக்குள்ளேயே இருந்தார்.

"புஷ்பம், உங்களுக்குச் செத்துப்போகணும்னு தோணுதா?"

"என்னங்க மிஸ்ஸி இப்படிக் கேக்குறீங்க" என்று மறுபடி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. கூடைக் கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார். நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை. கடைசிப் பெண்ணும் வளைவு திரும்பி மறைந்த பிறகு, "ஆமாங்க" என்றார்.

"அந்த மாத்திரைய ஏன் கொண்டாந்து குடுத்தீங்க?"

"வீட்ல வச்சிருக்கப் பயமா இருந்துச்சுங்க."

"செல்வராஜ் ஏதும் செஞ்சுக்குவாருன்னா?"

"அவரு இல்லீங்க. நானு." குரல் இறங்கிவிட்டது. "அது அவரு பெட்டியில இருக்கும். எந்த வேல செஞ்சாலும் கண்ணு அங்கனயே போவுது. எத்தனையோ தடவ அந்தப் பெட்டிய எடுத்துட்டு வச்சிருக்கேன். மக கல்யாணத்த நெனச்சுக்குவேன். அப்புறம் மறுபடி போவும். அதான் கொண்டாந்து ஒங்க கையிலயே குடுத்துரலாம்னு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"பேப்பர்ல போட்டிருந்துச்சுன்னு சொன்னா நீங்க ஏசிட்டு விட்டுருவீங்க. எனக்குன்னு சொன்னா விடமாட்டீங்க." கூடையைக் காலடியில் இறக்கி வைத்தார். "ஒரு வீட்ல ரெண்டு பேருக்கு இப்படின்னா யாருங்க பொண்ணு எடுப்பாங்க? அந்தப் படத்துல வர்ற அம்மாவுக்குத் தானா சரியாயிருச்சாமே. எனக்கும் அப்படித் தானா போயிரும்னு பார்த்தேன். கடையில ஆரஞ்சுப் பழம் கூட வாங்கித் தின்னேங்க."

இதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. நான் நினைத்து வந்ததெல்லாம் தலைகீழாகக் கிடந்தது. படத்தைச் சந்தேகித்தேன், எழுதியவரைச் சந்தேகித்தேன், செல்வராஜைச் சந்தேகித்தேன். மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தது நோயை மறைக்க என்று எண்ணினேன். அந்த மனுஷி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த ஒரே நடவடிக்கை அதுதான்.

செல்வராஜிடம் சொல்லப் புஷ்பத்தின் சம்மதம் கேட்டேன். வெகுநேரம் தயங்கித் தலையாட்டினார். நான் சொல்லி முடித்ததும் செல்வராஜ் எழுந்தார். உள்ளே போய் புஷ்பத்தின் மாற்றுச் சேலைகளையும் சீப்பையும் ஒரு பையில் எடுத்து வந்து வேனில் ஏறி உட்கார்ந்தார். அன்றைக்கே பதுளைக்குக் கொண்டுபோய் வார்டில் சேர்த்தோம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் அது இன்னொரு விமர்சகர் எழுதியதுபோல் ஆகிவிடும். கவிதாவுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோனது. வார்டு வாசலில் அவள் என்னிடம் வந்து, "யாருக்கும் தெரியாம செஞ்சிருக்கலாமே மிஸ்ஸி. ஒங்களுக்கு என்ன, நீங்க போயிருவீங்க" என்றாள். பிறகு அவளுக்கு வேறு இடம் அமைந்தது. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதை நான் குறையாக நினைக்கவில்லை. நான் போய் நின்றால் நாலு பேர் கேட்பார்கள்.

நியாஸ் இரண்டாம் தடவை விமர்சனம் எழுதினார். யார் பேரும் ஊரும் இல்லாமல், அலமாரி அடுக்கும் காட்சியைத் தான் தவறவிட்டதாகவும், அந்த முடிவை இரண்டு விதமாகவும் பார்க்க முடியும் என்றும் எழுதினார். கொழும்பு விரிவுரையாளருக்கு அது பிடிக்கவில்லை. கலையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திப் பரிசோதிக்கும் போக்கு என்று பதில் எழுதினார். வாசகர் கடிதங்கள் பெரும்பாலும் அவர் பக்கம். நல்ல படத்தைக் கெடுத்துவிட்டாய் என்று கடைக்கே வந்து சொன்னவர்கள் உண்டு. நியாஸ் இன்னும் எழுதுகிறார். கடைசி வரியை மட்டும் எழுதிவிட்டு ஒருநாள் வைத்துப் பார்க்கிறாராம்.

நல்ல படம்தானே என்று கேட்ட பிள்ளைகளுக்கு: படத்தைக் காட்டுங்கள். அறிவித்தலில் உள்ள பாராட்டுகளை எடுத்துவிடுங்கள். படம் ஓடும்போது உங்களில் ஒருவர் திரைக்கு முதுகைக் காட்டி, வந்திருப்பவர்களைப் பார்த்து உட்காருங்கள். யார் அழுகிறார் என்று பார்ப்பது சுலபம். மற்றவரை அழைத்துவந்துவிட்டு, எதையும் காட்டாமல் உட்கார்ந்திருப்பவரையும் பாருங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் போன கடைசிக் கொஸ்லந்தைக் கிளினிக்கில் அவர்கள் இருவரும் வந்தார்கள். மேசையில் இருந்த புது மிஸ்ஸி பதிவேட்டில் முதலில் இருந்த செல்வராஜின் பேரைக் கூப்பிட்டு, அவருடைய அட்டையைக் கேட்டாள். அவர் எழுந்து வந்து கதிரையைப் புஷ்பத்துக்காக இழுத்துப் போட்டார்.

"என்னோடத அப்புறம் பாத்துக்கலாங்க" என்றார். "இன்னைக்கு நான் கூட வந்தவன்."

புஷ்பம் உட்கார்ந்தார். பூ வைத்திருக்கவில்லை. சேலை மலைக்குக் கட்டும் பழைய சேலை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"காலையில எந்திரிக்கக் கஷ்டமாத்தாங்க இருக்கு. சோறு எறங்குது. ராவைக்கு இவரு வேலைக்குப் போனா மட்டும் கொஞ்சம் பயம்" என்றார்.

நம்பினேன்.